உப்புத்தண்ணி ஃப்ளை ஃபிஷிங்: ராடு அப்புறம், மொதல்ல லைன் (வாசகர் கேள்வி பதில்)

கடல்ல ஃப்ளை ராடு வச்சு மீன் பிடிக்க என்னென்ன சாமான் வாங்கணும்னு கேட்டு நெறய கடிதம் வந்திருக்கு. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேத்து, கொஞ்சம் சுருக்கி, பதில் போட்டிருக்கேன்.

கேள்வி: அண்ணே, ரொம்ப நாளா ஸ்பின்னிங் ராடுல கடல் மீன் பிடிச்சிட்டு இருக்கேன், இப்ப ஃப்ளைக்கு வரலாம்னு ஆசை. ஒருத்தர் 8 வெயிட்ங்கிறார், இன்னொருத்தர் 10 இல்லாம கடலுக்கு போகவே கூடாதுங்கிறார். ஒரே ஒரு செட் தான் வாங்க முடியும். எதை வாங்க, காசை எப்படி பிரிக்க?

8 வெயிட், 9 அடி, நாலு துண்டா கழட்டிக்கிற மாதிரி. பதில் அவ்ளோ தான் தம்பி, ஆனா ஏன்னு தெரியாம வாங்குனா அடுத்து ஒருத்தர் வேற மாதிரி சொன்னதும் மனசு மாறிடும், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். ஸ்பின்னிங்ல நீங்க வீசறது லூரோட, அதாவது போலி இரையோட கனத்தை, லைன் அது பின்னாடி சும்மா இழுபட்டு போகுது. ஃப்ளையில இது அப்படியே தலைகீழ். ஃப்ளைங்கிறது முள்ளுல கட்டின முடியும் இறகும் தான், அதுக்குன்னு சொல்லிக்கிற மாதிரி கனம் கிடையாது, கனம் பூரா லைன்ல இருக்கு, லைனை வீசுறோம் ஃப்ளை கூடவே போகுது. ராடு மேல எழுதியிருக்கிற நம்பர் ராடோட எடையும் இல்ல மீனோட எடையும் இல்ல, அந்த ராடு எந்த லைனை வீசும்ங்கிற நம்பர். லைனோட முதல் 30 அடி எவ்ளோ கனம்னு பாத்து தான் இந்த நம்பரை போடுறாங்க: 5 வெயிட்னா 140 கிரெய்ன், 8னா 210, 10னா 280, 12னா 380. 210 கிரெய்ன்ங்கிறது பதிமூணரை கிராம் தான், ஸ்பின்னிங்காரருக்கு இது ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும், ஆனா அந்த கனம் 30 அடிக்கு நீளமா பரவி கிடக்குது, அதான் வீசுற விதமே வேறயா இருக்கு.

அதனால நம்பரை முடிவு பண்றப்ப எவ்ளோ பெரிய மீன்னு மட்டும் பாக்காதீங்க, எவ்ளோ பெரிய ஃப்ளை, எவ்ளோ காத்துன்னு பாருங்க. கடற்கரையில காத்து இல்லாத நாள்னு ஒண்ணு அதிசயமா தான் வரும். 6 வெயிட்டோட மெல்லிசு லைன் எதிர்காத்துல 1/0 சைஸ் முள்ளுல கட்டின பெரிய ஃப்ளையை சுமக்காம பாதியிலயே மடிஞ்சு விழுந்துடும். 10 வெயிட் சுமக்கும், ஆனா இப்ப தான் கத்துக்கிறவர் அதை காலையிலேர்ந்து வீசுனா மதியத்துக்குள்ள தோள் போயிடும், தோள் போனா வீச்சும் போயிடும். 8 ரெண்டுக்கும் நடுவுல நிக்குது, போன்ஃபிஷ், சின்ன பாரை, கொடுவா, ஸ்ட்ரைப்டு பாஸ், குட்டி டார்பன் வரைக்கும் தாங்கும்.

காசை எப்படி பிரிக்கிறதுன்னும் கேட்டிருந்தீங்க. எல்லாரும் ராடுல தான் கொட்டுறாங்க, மிச்சத்துல ரீல், கடைசியா கையில இருக்கிற சில்லறைக்கு ஏதோ ஒரு லைன். நான் தலைகீழா சொல்லுவேன். நல்ல லைன், நம்பிக்கையான டிராக் (ஓடுற மீனை பிடிச்சு நிறுத்துற பிரேக்) இருக்கிற ரீல், நடுத்தர ராடு. இப்ப வர்ற நடுத்தர விலை ராடுங்க உங்களையும் என்னையும் விட நல்லாவே வீசும்.

கேள்வி: என்கிட்ட ஆத்துல ட்ரவுட் பிடிக்கிற 5 வெயிட் செட் சும்மா கிடக்கு. அதையே கடலுக்கு எடுத்துட்டு போகலாமா சார்?

அமைதியான கழிமுகத்துல சின்ன மீனுக்கு, சின்ன ஃப்ளைக்கு, தாராளமா. ராடுக்கு ஒண்ணும் ஆகாது, திரும்பி வந்து கழுவிடுங்க. பிரச்சினை ரீல்ல தான் வரும். ட்ரவுட் ரீல்ல பாதி சும்மா க்ளிக் க்ளிக்னு சத்தம் போடுற பல்லு டிராக், லைன் சிக்காம இருக்க அது போதும், ஓடுற கடல் மீனை நிறுத்த போதாது, உள்ள இருக்கிற ஸ்பிரிங்கும் ஸ்க்ரூவும் உப்புக்குன்னு செஞ்சதும் இல்ல. அந்த செட்டை வீச்சு பழக வச்சுக்குங்க, வீணா போகாது.

கேள்வி: லைன் வாங்க போனா தலை சுத்துது. ஃப்ளோட்டிங், இன்டர்மீடியட், சிங்கிங், ட்ராபிகல், கோல்ட் வாட்டர்னு பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருக்காங்க. எல்லாம் ஒரே 8 வெயிட் தானே, என்ன வித்தியாசம்?

இந்த கேள்விக்காகவே இந்த பகுதியை எழுத உக்காந்தேன்னு சொல்லலாம். ரெண்டு விஷயத்தை தனித்தனியா பிரிச்சு பாருங்க, ஒண்ணு தண்ணி எவ்ளோ ஆழம், இன்னொண்ணு தண்ணி எவ்ளோ சூடு.

ஆழம்: முழங்கால் அளவு தெளிஞ்ச தண்ணியில மீனை கண்ணால பாத்து வீசறதா இருந்தா ஃப்ளோட்டிங். மேல மிதக்குறதால பட்டுனு தூக்கி வேற பக்கம் வீசலாம், மீன் திசை மாறுனா நீங்களும் மாறலாம். அலை அடிக்கிற கரையில நின்னு வீசறதா இருந்தா இன்டர்மீடியட், அது நொடிக்கு ஒண்ணு ரெண்டு இன்ச் மெதுவா இறங்கும், அலைக்கு கீழ போயிடுறதால ஃப்ளையோட நேர் தொடர்புல இருக்கும். ஃப்ளோட்டிங் லைனை அலை தூக்கி தூக்கி போடுறப்ப நடுவுல தொங்கல் விழுந்துடும், மீன் தொட்டதே உங்களுக்கு தெரியாது. படகுலேர்ந்து, ஓட்டம் உள்ள வாய்க்கால்லேர்ந்து, நாலஞ்சு ஆள் ஆழத்துக்கு இறக்கணும்னா தான் வேகமா மூழ்குற லைன், நொடிக்கு ஆறு இன்ச், அதுக்கு மேலயும் இறங்குறது இருக்கு. ஆரம்பத்துல அது வேண்டாம், தண்ணியிலேர்ந்து அதை திரும்ப தூக்கறதே தனி வேலை.

சூடு: இதை தான் நெறய பேர் கவனிக்கிறதில்ல. லைன்ங்கிறது நடுவுல ஒரு நூல், மேல பிளாஸ்டிக் பூச்சு. குளிர் தண்ணிக்குன்னு செஞ்ச பூச்சு மெத்துனு இருக்கும், அதை வெயில் காயுற சூட்டு தண்ணிக்கு கொண்டு போனா தொளதொளன்னு ஆகி ராடு வளையத்துல ஒட்டிக்கிட்டு போகவே போகாது, ஆளு என்னமோ தனக்கு வீச வரலைன்னு நினைச்சு நொந்து போவாரு. ட்ராபிகல் லைன் விறைப்பா இருக்கும், சூட்டுல அது சரியான பதத்துக்கு வரும், ஆனா அதையே குளிர் தண்ணிக்கு எடுத்துட்டு போனா சுருள் சுருளா நிக்கும், நேராவே ஆகாது. ரெண்டுமே நல்ல லைன் தான், இடம் மாறிடுச்சு அவ்ளோ தான். உங்க தண்ணி எதுன்னு பாத்து வாங்குங்க, பெட்டி மேல இருக்கிற மீன் படத்தை பாத்து இல்ல.

இன்னொரு சங்கதி. கடல் லைன் நெறய கம்பெனிக்காரங்க நம்பருக்கு அரை சைஸ், சில சமயம் ஒரு சைஸ் கூடவே கனமா செய்றாங்க, கிட்டத்துல வீசுறப்பவே ராடு வளைஞ்சு கொடுக்கணும்னு. 8னு போட்டிருந்தாலும் கிரெய்ன் கணக்கு வேறயா இருக்கலாம், பெட்டியில எழுதியிருக்கும், படிங்க. ஏற்கனவே கனமான லைனை வாங்கிட்டு அதுக்கு மேல யாரோ சொன்னாங்கன்னு ஒரு சைஸ் ஏத்தி 9 போட்டா ராடு துவண்டுடும்.

கேள்வி: வலது கையில சுத்தறதா, இடது கையில சுத்தறதா?

ஸ்பின்னிங்ல எந்த கையில சுத்தி பழக்கமோ அந்த கையிலயே சுத்துங்க. இதுக்குன்னு சண்டை போடுறவங்க இருக்காங்க, விட்டுடுங்க. வாங்குன உடனே ரீலை உங்க கைக்கு மாத்தி வச்சுட்டு அப்புறம் பேக்கிங்கை (லைனுக்கு பின்னாடி ரீல்ல சுத்துற மெல்லிசு நூல்) ஏத்துங்க, முழுசா ஏத்துன பிறகு மாத்துனா எல்லாத்தையும் பிரிக்கணும்.

கேள்வி: ரீல் சும்மா லைனை வச்சுக்கிற டப்பா தானேன்னு ஒரு நண்பர் சொல்றார். அப்ப ஏன் அதுக்கு இவ்ளோ விலை?

உங்க நண்பர் ஆத்து மீன்காரரா இருப்பார், அங்க அது சரி. கடல்ல ஒரு நல்ல போன்ஃபிஷ் மாட்டுன முதல் ஓட்டத்துலயே லைன் பூரா போயி பேக்கிங் வெளிய வந்துடும், அந்த நேரம் கையால நிறுத்த பாத்தா விரல் அறுபடும், டிராக் தான் நிறுத்தணும். அதுல பாக்க வேண்டியது எவ்ளோ இறுக்கமா பிடிக்குதுங்கிறதை விட எவ்ளோ வழுக்கலா ஆரம்பிக்குதுங்கிறது. நின்னு நின்னு, திடீர்னு விட்டு, மறுபடி பிடிச்சா அந்த உதறல்லயே டிப்பெட், அதாவது ஃப்ளை கட்டுற மெல்லிசு முனை நூல், அறுந்துடும். கடையில லைனை கையால மெதுவா இழுத்து பாருங்க, முதல் இன்ச்லேர்ந்தே ஒரே சீரா வரணும்.

அப்புறம் சீல் பண்ண டிராக் வாங்குங்க, உப்பும் மணலும் உள்ள போகாது. கார்க் டிராக்கும் அருமையானது, பழைய ஆளுங்க அதுல டார்பனே ஏத்தியிருக்காங்க, ஆனா அதை அப்பப்ப கவனிச்சு மசகு போடணும், புதுசா வர்றவர் செய்ய மாட்டார்னு எனக்கு ஒரு சந்தேகம். நடு அச்சு பெருசா இருக்கிற லார்ஜ் ஆர்பர் நல்லது, ஒரு சுத்துக்கு நெறய லைன் ஏறும், லைனும் சுருளாது. இன்னொரு காரணமும் இருக்கு: லைன் வெளிய போக போக சுருளோட விட்டம் சுருங்கும், சுருங்குனா அதே டிராக் செட்டிங் மீனுக்கு இன்னும் கடினமா இழுக்கும், அச்சு பெருசா இருந்தா இந்த வித்தியாசம் கம்மி. டிராக்கை டிப்பெட் தாங்குற எடையில கால் பங்குக்கு மேல வைக்காதீங்க, மிச்சத்துக்கு உள்ளங்கையால ஸ்பூல் விளிம்பை லேசா தொட்டுக்கலாம்.

பேக்கிங் 8 வெயிட்டுக்கு 20 பவுண்டு டேக்ரான், 150லேர்ந்து 200 கஜம். ஜெல் ஸ்பன்னு மெல்லிசா ஒண்ணு வருது, இடம் மிச்சம், ஆனா தளர்வா சுத்தியிருந்தா தனக்குள்ளயே புதைஞ்சு மாட்டிக்கும், கையையும் வெட்டும். முதல் ரீலுக்கு டேக்ரான் போதும்.

கேள்வி: லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவுல கட்டுற லீடருக்கு ஃப்ளூரோகார்பன் நூல் கட்டாயமா? மீனுக்கு அது கண்ணுக்கே தெரியாதாமே?

தெரியாதுன்னு சொல்றது கொஞ்சம் ஓவர். ஒளிவிலகல் எண் தண்ணிக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.5க்கு மேல, அதனால நைலானை விட கம்மியா தெரியும், அதுக்காக மாயமா மறையாது. நான் அதை வாங்குறது வேற காரணத்துக்கு, பாறையிலயும் பவளத்துலயும் உரசுனா நைலானை விட தாக்கு பிடிக்கும், சீக்கிரம் மூழ்கும். மேல மிதக்குற பாப்பர் ஃப்ளை போடுறீங்கன்னா அந்த மூழ்குற குணமே எதிரி, அங்க நைலான் தான்.

ஆரம்பத்துக்கு 9 அடி டேப்பர் லீடர் (முனைக்கு போக போக மெல்லிசாகுறது), முனையில 16 பவுண்டு டிப்பெட். தெளிஞ்ச ஆழமில்லா தண்ணியில மீன் மிரளுதுன்னா 12 அடிக்கு நீட்டுங்க. இன்டர்மீடியட் லைனுக்கு இவ்ளோ நீளம் வேண்டாம், நாலஞ்சு அடி நேர் லீடர் போதும், இல்லன்னா லைன் கீழ போகும், ஃப்ளை மேலயே நிக்கும். சீலா மாதிரி பல்லு மீன் இருக்கிற இடத்துல ஒரு சாண் கம்பி போடாம வீசறது ஃப்ளையை தானம் பண்றதுக்கு சமம். சாதனை பதிவு பண்ணணும்னு ஆசை இருக்கிறவங்க மட்டும் 1939ல ஆரம்பிச்ச, மீன்பிடி சாதனைகளை பதிவு பண்ற ஐ.ஜி.எஃப்.ஏ. சங்கத்தோட விதியை பாத்துக்குங்க, கிளாஸ் டிப்பெட் (சாதனை எந்த பவுண்டு பிரிவுன்னு முடிவு பண்ற நூல்) 15 இன்ச்சுக்கு குறையக் கூடாது, ஷாக் டிப்பெட் (ஃப்ளைக்கு முன்னாடி பல்லுக்கு தாங்குற தடிச்ச துண்டு) முடிச்சோட சேத்து 12 இன்ச்சை தாண்டக் கூடாது. மத்தவங்களுக்கு இந்த அளவுகோல் எல்லாம் தேவையில்ல.

முடிச்சு: ஃப்ளையில 'நான்-ஸ்லிப் லூப்' (இறுகாத வளைய முடிச்சு), டிப்பெட் சேக்க 'சர்ஜன்ஸ்' முடிச்சு, லைனோட லீடர் வளையத்துக்கு வளையம். இந்த மூணையும் கண்ணை மூடிட்டு கட்ட வந்தா போதும்.

கேள்வி: எத்தனை ஃப்ளை வாங்கணும்? பாக்ஸ் நிறைய வச்சிருக்கிறவங்களை பாத்தா பயமா இருக்கு.

அவங்க பாக்ஸ்ல பாதி வாங்குன நாள்லேர்ந்து தண்ணி பாத்திருக்காது. ரெண்டு வகை ஃப்ளையை ரெண்டு மூணு சைஸ்ல, வெளிர் நிறம் ஒண்ணு கரு நிறம் ஒண்ணுன்னு வாங்குங்க. முதல்ல க்ளவ்ஸர் மின்னோ. பாப் க்ளவ்ஸர் இதை 1980கள்ல ஆத்து ஸ்மால்மவுத் பாஸுக்காக கட்டுனாரு, இப்ப உலகம் பூரா கடல்ல போடுறாங்க. கழுத்துகிட்ட டம்பெல் மாதிரி உலோக கண்ணு இருக்கும், அந்த கனத்துல முள்ளு முனை மேல பாத்த மாதிரி திரும்பி போகும், அதனால அடியில செடியிலயும் கல்லுலயும் மாட்டறது கம்மி, இழுத்து நிறுத்துனா தலைகுப்புற விழும், அந்த விழுற நேரத்துல தான் பாதி கடி. ரெண்டாவது லெஃப்டி க்ரே கட்டுன டிஸீவர், 1950கள் கடைசியில வந்தது, 1991ல அமெரிக்காவுல தபால் தலையிலயே போட்டாங்க. நீளமான இறகு வால் இருந்தும் வீசுறப்ப முள்ளுல சுத்திக்காது, தண்ணியை விட்டு வந்ததும் இறகு ஒட்டி மெல்லிசா ஆகிடும், அதனால காத்துலயும் வீசலாம்.

போன்ஃபிஷ் இருக்கிற ஆழமில்லா திட்டுக்கு போறீங்கன்னா மட்டும் கூட க்ரேஸி சார்லிங்கிற சின்ன ஃப்ளை, 4, 6 சைஸ்ல. க்ளவ்ஸர் மாதிரி கனக்கண்ணு ஃப்ளை தலையில பட்டா வலிக்கும், முள்ளு பட்டா ஆஸ்பத்திரி, முள்ளு முனைக்கு பின்னாடி இருக்கிற எதிர்முள்ளை குறடால நசுக்கிட்டு போங்க.

கேள்வி: நான் உயரம் கம்மியான பொண்ணு, கைபலமும் பெருசா இல்ல. 9 அடி 8 வெயிட் எனக்கு ஒத்து வருமா? குட்டையா ஒரு ராடு வாங்கலாமான்னு யோசிக்கிறேன்.

வரும்மா, தாராளமா வரும். இப்ப வர்ற 9 அடி 8 வெயிட் கார்பன் ராடு நூறு கிராமை ஒட்டி தான் இருக்கு, கனம் ரீல்ல இருக்கு, அதை லேசானதா பாத்துக்குங்க. குட்டை ராடு பாக்க வசதி மாதிரி இருந்தாலும் இடுப்பளவு தண்ணியில நிக்கிறப்ப பின்பக்க லைனை தண்ணிக்கு மேல தூக்கி வைக்க நீளம் வேணும். ஆசைப்பட்டா 7 வெயிட்டுக்கு இறங்கலாம், காத்துல கொஞ்சம் சிரமம், மத்தபடி நல்ல ராடு.

பலத்துக்கு பதிலா டபுள் ஹால் கத்துக்குங்க, லைன் பிடிச்சிருக்கிற கையால பின்வீச்சுக்கு ஒரு இழுப்பு, முன்வீச்சுக்கு ஒரு இழுப்பு, லைனோட வேகம் அந்த இழுப்புல தான் ஏறுது. பலசாலிங்க தோளால தள்ளி தள்ளி லைனை அடிக்கிறாங்க, லைன் பறக்கிறப்ப போடுற வளையம் விரிஞ்சு காத்துல நின்னுடுது. புல்தரையில முள்ளு வெட்டுன ஃப்ளை கட்டி பழகுங்க, ட்ரிப்புக்கு முந்தின வாரம் இல்ல, இப்பலேர்ந்தே.

கேள்வி: மீன் கடிக்குது, ராடை தூக்குறேன், கழண்டு போகுது. முள்ளு கூர் இல்லையா?

முள்ளை நகத்துல வச்சு பாருங்க, வழுக்குனா கூர் இல்ல, தீட்டுங்க. ஆனா ராடை தூக்குறேன்னு நீங்களே சொல்லிட்டீங்க, காரணம் அது தான். ராடை தூக்குனா முனை வளைஞ்சு அதிர்ச்சியை எல்லாம் குடிச்சிடும், கடல் மீனோட கடினமான வாயில முள்ளு இறங்காது. ராடு முனையை தண்ணியை பாத்த மாதிரியே வச்சுட்டு, லைன் கையால நீளமா ஒரு இழு. மாட்டலைன்னாலும் ஃப்ளை ரெண்டடி தான் நகரும், மீன் திரும்ப வந்து கடிக்கும். தூக்குனா ஃப்ளை தண்ணியை விட்டே வெளிய வந்துடும்.

கேள்வி: கண்ணாடி, கூடை, ஷூன்னு கூட வாங்க சொல்றாங்களே, இதெல்லாம் தேவையா இல்ல வியாபாரமா?

போலரைஸ்டு கண்ணாடி சத்தியமா தேவை, ராடுக்கு முன்னாடியே வாங்குன்னு கூட சொல்லுவேன். ஆழமில்லா இடத்துக்கு செம்பு நிறம், ஆழ்கடல் வெளிச்சத்துக்கு சாம்பல். மீனை பாக்கவும் உதவும், பறக்கிற முள்ளுலேர்ந்து கண்ணையும் காப்பாத்தும். அலையில நிக்கிறவங்களுக்கு இடுப்புல கட்டுற ஸ்ட்ரிப்பிங் பேஸ்கட் வேணும், இல்லன்னா இழுத்து போட்ட லைனை அலை கால்ல சுத்திடும். ஷூ வேணும், திருக்கை மண்ணுக்குள்ள கிடக்கும், காலை தூக்கி வைக்காம தேச்சு தேச்சு நடங்க, அதிர்வுல அதுவே ஓடிடும். ஃப்ளைக்குன்னு விக்கிற சட்டை, ஃப்ளைக்குன்னு விக்கிற தொப்பி இதெல்லாம் வியாபாரம், நீளக்கை சட்டை எதுவா இருந்தாலும் சரி.

இடி இறங்குற மாதிரி இருந்தா ராடை கீழ வச்சுட்டு கரையேறிடுங்க. கார்பன் மின்சாரத்தை கடத்தும், 9 அடிக்கு அதை தூக்கி பிடிச்சுட்டு தண்ணியில நிக்கிறீங்கங்கிறதை மறந்துடாதீங்க.

கேள்வி: திரும்பி வந்ததும் எப்படி கழுவணும்? என் பழைய ஸ்பின்னிங் ரீல் எல்லாம் உப்பு பூத்து போச்சு.

நல்ல தண்ணி, மெதுவா. கழுவறப்ப டிராக்கை இறுக்கிடுங்க, வேகமா பீச்சி அடிக்காதீங்க, உப்பை நீங்களே உள்ள தள்ளுன கதையா ஆகிடும். ஸ்பூலை கழட்டி தனியா காய வச்சுட்டு, அப்புறம் டிராக்கை தளர்த்தி வைங்க. பேக்கிங் வரைக்கும் மீன் ஓடியிருந்தா பேக்கிங்ல உப்பு இருக்கும், அதையும் பிரிச்சு அலசணும், இதை யாரும் செய்யறதில்ல, அப்புறம் அலுமினியம் உள்பக்கமா அரிச்சுடுச்சுன்னு புலம்பறாங்க. ராடு துண்டுகளை அன்னைக்கே கழட்டுங்க, உப்போட காய்ஞ்சா இறுகிடும். ஈரத்தோட உறைக்குள்ள போடாதீங்க. லைனுக்கு மிதமான சோப்பு தண்ணி. கொசு விரட்டி பூசுன கையால லைனை தொடாதீங்க, அதுல இருக்கிற டீட்ங்கிற மருந்து லைனோட பிளாஸ்டிக் பூச்சையே கரைச்சுடும்.

கேள்வி: எனக்கு சின்ன மீன்ல ஆர்வமே இல்ல. நேரா ஜயன்ட் ட்ரெவல்லி தான். 12 வெயிட்லேர்ந்தே ஆரம்பிக்கலாமா?

அந்த பெரிய பாரைக்கு 12 தான் சரி, உங்க கணக்கு தப்பில்ல. ஆனா ஒரு மணி நேரம் 12 வெயிட்டை வீசி பாத்தீங்களா? அந்த மீன் கண்ணுல படுற நேரம் சில நொடி தான், அதுக்குள்ள 6/0ங்கிற ரொம்ப பெரிய ஃப்ளையை ரெண்டே வீச்சுல 60 அடி தள்ளி போடணும், 8 வெயிட்ல அது வராதவருக்கு 12ல வரவே வராது. 8ஐ வாங்கி பழகிட்டு, போற ட்ரிப்புக்கு வழிகாட்டியோட ராடை வாடகைக்கு கேளுங்க, நெறய பேர் குடுக்கிறாங்க. அது கையில ஒட்டுச்சுன்னா அப்புறம் சொந்தமா வாங்குங்க, 12க்குன்னு தனி ரீல், 30 பவுண்டு பேக்கிங்கோட.